வழக்கில் வென்றால் ஹலாலாகி விடுமா?

(கூபா நகரின் காஜி ஷுரைஹ் (ரஹ்) அவர்களின் வாழ்வு)

வழக்கில் தீர்ப்புக் கிடைத்துவிட்டால் அந்தப் பொருள் தனக்கு முற்றிலும் ஹலாலாகி விட்டது என்று எண்ணுகிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். சாட்சி சரியாக அமைந்தது, வக்கீல் நன்றாக வாதாடினார், தீர்ப்புப் பத்திரம் கையில் இருக்கிறது, இனி யார் என்ன கேட்க முடியும் என்று மார் தட்டுகிறார்கள். ஆனால் கண்மணி நாயகம் ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இதைப் பற்றித் தம் உம்மத்தை மிகத் தெளிவாக எச்சரித்துச் சென்றிருக்கிறார்கள். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து இது: வழக்காடுகிறவர்களில் ஒருவர் மற்றவரைவிடப் பேச்சுத் திறமை உடையவராக இருக்கலாம். அதைக் கேட்டு, அவருடைய சகோதரனுக்குரிய ஹக்கை அவருக்கே உரியது என்று பெருமானார் (ஸல்) அவர்களே தீர்ப்பளித்து விட்டாலும், அவர் பெற்றுச் செல்வது நரக நெருப்பின் ஒரு துண்டுதான்.

அல்லாஹ்வின் தூதரின் தீர்ப்பே அநியாயக்காரனுக்கு ஹராமை ஹலாலாக்கித் தராது என்றால், மற்றவர்களின் தீர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இந்த ஹதீஸின் கருத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் நெஞ்சில் சுமந்து, வணிகர்களின் வழக்குகளையும் குடும்பங்களின் தகராறுகளையும் தீர்த்து வைத்த ஒரு பெரியார் இஸ்லாமிய வரலாற்றில் இருக்கிறார்கள். அவர்கள்தாம் கூபாவின் காஜி ஷுரைஹ் இப்னு ஹாரிஸ் அல்கிந்தீ ரஹ்மதுல்லாஹி அலைஹி அவர்கள்.

யமனிலிருந்து கூபாவுக்கு

நம் ஊர்களில் காஜி என்றால் நிக்காஹைப் பதிவு செய்பவர், பிறை அறிவிப்பவர் என்றே பெரும்பாலோர் அறிவார்கள். ஆங்கிலேயர் காலத்தில் 1880 ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட காஜிகள் சட்டம், காஜிகளுக்குத் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் எதையும் கொடுக்கவில்லை. ஆனால் இஸ்லாத்தின் ஆரம்ப நூற்றாண்டில் காஜி என்பவர் முழு நீதிபதி. கடைத்தெருவில் எழும் விலைத் தகராறு முதல் வீட்டுக்குள் எழும் தலாக், மஹர், வாரிசுப் பிரச்சினை வரை அவரிடமே வரும்.

ஷுரைஹ் (ரஹ்) அவர்கள் யமன் நாட்டைச் சேர்ந்தவர்கள். கிந்தா கோத்திரத்தாருடன் சேர்த்து அறியப்பட்டவர்கள். நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே வாழ்ந்தவர்கள். எனினும் அவர்களை நேரில் சந்திக்கும் பாக்கியம் கிட்டாததால் தாபியீன்களில் ஒருவராகவே பெரும்பாலான அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள்.

கூபா நகரம் ஹிஜ்ரி 17 ஆம் ஆண்டில் (கி.பி. 638) கலீபா உமர் (ரலி) அவர்களின் உத்தரவுப்படி, ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களால் இராக்கில் நிறுவப்பட்டது. முதலில் படைவீரர்களின் குடியிருப்பாக எழுந்த அந்த ஊர், விரைவிலேயே பெருஞ்சந்தையாக மாறிற்று. யமனியர், தமீம் கோத்திரத்தார், பாரசீகர், கிறிஸ்தவர், யூதர் எனப் பல திறத்து மக்கள் அங்கே வந்து குடியேறினர். பழக்கம் வேறு, மொழி வேறு, அளவையும் நிறுவையும் வேறு. இப்படிப்பட்ட ஊரில் வழக்குகளுக்குப் பஞ்சம் இருக்குமா? அந்த ஊருக்கு ஒரு நீதிபதி தேவைப்பட்டார்.

பதவியைத் தேடித் தந்த குதிரை

அந்தப் பதவி ஷுரைஹ் (ரஹ்) அவர்களுக்குக் கிடைத்த விதமே ஒரு பாடம்.

அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் ஒரு கிராமவாசியிடம் குதிரை ஒன்றை விலை பேசி, ஓட்டிப் பார்ப்பதற்காக வாங்கிக் கொண்டார்கள். ஓட்டிப் பார்க்கும்போது அந்தக் குதிரைக்கு ஊனம் ஏற்பட்டுவிட்டது. குதிரையைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி உமர் (ரலி) அவர்கள் சொன்னார்கள். உடையவரோ மறுத்தார். அன்றைய உலகின் மிகப்பெரிய ஆட்சியாளருக்கும் ஒரு சாதாரண குதிரைக்காரருக்கும் இடையே தகராறு. உமர் (ரலி) அவர்கள் தம் பதவியைக் காட்டவில்லை. நடுவர் ஒருவரை நியமித்துக்கொள்ளலாம் என்றார்கள். யாரை நடுவராக்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எதிர்த் தரப்புக்கே கிடைத்தது. அவர் சொன்ன பெயர் ஷுரைஹ்.

இரு தரப்பையும் கேட்ட ஷுரைஹ் (ரஹ்) அவர்கள், நல்ல நிலையில் வாங்கிய குதிரையை நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும், அல்லது விலையைக் கொடுத்துவிட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கலீபாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் கோபப்படவில்லை. நீதி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மகிழ்ந்து, ஷுரைஹ் (ரஹ்) அவர்களையே கூபாவின் காஜியாக அனுப்பி வைத்தார்கள்.

தமக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னவரை ஊருக்கே நீதிபதியாக்கிய அந்தப் பெருந்தன்மையைப் பாருங்கள். இன்று நம் ஜமாஅத்தில் நமக்கு எதிராக ஒரு வார்த்தை பேசிய பெரியவரை மறுமுறை பஞ்சாயத்துக்கு அழைக்க நமக்கு மனம் வருகிறதா?

கலீபா காட்டிய வழிமுறை

நியமித்ததோடு உமர் (ரலி) அவர்கள் நின்றுவிடவில்லை. தீர்ப்பளிக்கும் முறையையும் ஷுரைஹ் (ரஹ்) அவர்களுக்குக் கடிதம் மூலம் விளக்கினார்கள். இமாம் நஸயீ (ரஹ்) அவர்கள் அக்கடிதத்தைத் தம் ஹதீஸ் நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். முதலில் அல்லாஹ்வின் வேதத்தில் பார்க்க வேண்டும். அதில் இல்லையெனில் ரஸூலுல்லாஹ்வின் சுன்னத்தில் பார்க்க வேண்டும். அதிலும் இல்லையெனில் ஸாலிஹான முன்னோர் தீர்த்த வழியில் தீர்க்க வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் சொந்த ஆய்வில் முன்செல்லலாம், அல்லது பின்வாங்கியும் கொள்ளலாம். பின்வாங்குவதே நல்லதென்று தாம் கருதுவதாகவும் உமர் (ரலி) அவர்கள் எழுதியிருந்தார்கள். தெரியாத மஸ்அலாவில் துணிந்து பேசாமல் இருப்பதும் அறிவுதான் என்பதே அதன் பொருள்.

வழக்கைக் கேட்கும் இடத்தில் கொடுக்கல் வாங்கல் கூடாது, லஞ்சம் கூடாது, கோபமாக இருக்கும்போது தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனைகளும் அவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்ததாக நூல்களில் வருகிறது. தமக்குக் கோபமோ பசியோ ஏற்பட்டால் ஷுரைஹ் (ரஹ்) அவர்கள் சபையை விட்டு எழுந்துவிடுவார்கள். இந்தப் பணிக்கு அரசிடம் சம்பளம் பெற்றுக்கொண்டார்கள் என்பதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். தேவைக்குச் சம்பளம் இருந்தால்தான் வழக்காளியின் கையை எதிர்பார்க்காத நிலை நீதிபதிக்கு இருக்கும்.

கடைத்தெரு வழக்குகள்

வணிக வழக்குகளில் அவர்கள் காட்டிய வழி எளிமையானது: என்ன பேசினீர்கள், உங்கள் தொழிலில் என்ன வழக்கம் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

நூல் விற்பவர்கள் ஒரு முறை தங்களுக்குள் தகராறு செய்துகொண்டு வந்தார்கள். தங்கள் தொழிலில் இன்ன விதமான பழக்கம் உண்டு என்று அவர்கள் எடுத்துச் சொன்னபோது, உங்களுக்குள் இருக்கும் வழக்கமே உங்களுக்குச் சட்டம் என்ற கருத்தில் ஷுரைஹ் (ரஹ்) அவர்கள் தீர்த்து வைத்தார்கள். விற்பனையிலும் வாடகையிலும் அளவை நிறுவைகளிலும் அந்தந்த ஊர் வழக்கத்தை ஏற்கலாம் என்பதற்கு இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இதை எடுத்துக் காட்டுகிறார்கள். ஷரீஅத்துக்கு முரண்படாத தொழில் வழக்கத்துக்கு இஸ்லாத்தில் எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

இன்னொரு வழக்கு. ஒருவர் பயண ஒட்டகங்களை வாடகைக்குப் பேசினார். இன்ன நாளில் உன்னோடு புறப்படாவிட்டால் உனக்கு 100 திர்ஹம் தருவேன் என்று தாமே வாக்களித்தார். அந்த நாளில் அவர் புறப்படவில்லை. ஒட்டகக்காரர் காஜியிடம் வந்தார். வற்புறுத்தல் எதுவும் இல்லாமல், தம் விருப்பத்தோடு ஒரு நிபந்தனையை ஏற்றவர் அதற்குக் கட்டுப்பட்டவரே என்று ஷுரைஹ் (ரஹ்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

மற்றொரு வியாபாரி உணவுப் பொருள் ஒன்றை வாங்கப் பேசிவிட்டு, புதன்கிழமை வராவிட்டால் நமக்குள் வியாபாரம் இல்லை என்று சொல்லிச் சென்றார். புதன் வந்தது, அவர் வரவில்லை. பிறகு வந்து பொருளைக் கேட்டார். வாக்கு மீறியவர் நீர்தான் என்று சொல்லி அவருக்கு எதிராகவே தீர்த்தார்கள். இவ்விரண்டு வழக்குகளையும் புகாரியில் நிபந்தனைகள் பற்றிய பகுதியில் காணலாம்.

வாயால் சொன்ன சொல்லை அவர்கள் எவ்வளவு கனமாக மதித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கடனைக் கொடுக்காமல் வழக்குக்கு வந்தவரைப் பள்ளிவாசல் தூணில் கட்டி நிறுத்தவும் அவர்கள் உத்தரவிட்டதுண்டு. வசதி இருந்தும் கடனைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழியின் கருத்தல்லவா?

வீட்டு வழக்குகள்

வணிகத்தில் பேச்சுக்கு இருந்த அதே மதிப்பைத்தான் நிக்காஹிலும் அவர்கள் கொடுத்தார்கள்.

ஷாம் நாட்டைச் சேர்ந்த ஒருவர் அவர்களிடம் வந்தார். தாம் ஒரு பெண்ணை மணந்ததையும், அவளை அவள் வீட்டிலிருந்து வெளியூருக்கு அழைத்துச் செல்வதில்லை என்று நிக்காஹின்போது ஒப்புக்கொண்டதையும், இப்போது அழைத்துச் செல்ல விரும்புவதையும் சொன்னார். நிபந்தனையைக் காப்பதே கடமை என்றார்கள் ஷுரைஹ் (ரஹ்). வந்தவர் விடவில்லை, எங்களுக்குள் தீர்ப்பளியுங்கள் என்றார். தீர்ப்பு ஆயிற்றே என்றார்கள் காஜி. யாருக்கு எதிராக என்று கேட்டதற்கு, உம் தாயின் மகனுக்கு எதிராக என்றார்கள். யாருடைய சாட்சியின் பேரில் என்று கேட்டதற்கு, உம் பெரியம்மாவின் தங்கை மகனுடைய சாட்சியின் பேரில் என்றார்கள். தாயின் மகனும் அவரேதான், பெரியம்மாவின் தங்கை மகனும் அவரேதான். தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகு வேறு சாட்சி எதற்கு என்பதை இப்படிச் சிரிக்கும்படிச் சொல்லிப் புரிய வைத்தார்கள். இத்தகைய நிபந்தனை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பதில் பின்வந்த மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கொடுத்த வாக்கை எளிதாக எண்ணக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இன்னொரு நாள் ஒரு தம்பதியர் வந்தார்கள். மனைவி தன் பொருளைக் கணவனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தாள். இப்போது திருப்பிக் கேட்கிறாள். கொடுத்துவிடு என்றார்கள் காஜி. கணவன் குர்ஆனை ஆதாரம் காட்டினான். மனைவியர் மனமுவந்து மஹரில் எதையேனும் விட்டுக்கொடுத்தால் அதைத் தாராளமாக அனுபவிக்கலாம் என்ற கருத்தில் அன்னிஸா அத்தியாயத்தில் வருகிறதே என்றான். அவள் உண்மையிலேயே மனமுவந்து கொடுத்திருந்தால் இன்று திருப்பிக் கேட்க வந்திருக்க மாட்டாளே என்றார்கள் ஷுரைஹ் (ரஹ்). தம்பதியர் தமக்குள் கொடுத்த அன்பளிப்பைத் திரும்பப் பெறுவது பற்றியும் இமாம்களிடையே வெவ்வேறு தீர்ப்புகள் உள்ளன. இருந்தாலும் இந்தச் சம்பவம் நம் நெஞ்சைத் தொட வேண்டும். மஹரைக் கொடுக்காமலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவிட்டு, கணவனின் மய்யித்து கிடக்கும்போது சுற்றி நிற்பவர்கள் மனைவியிடம் மன்னித்துவிடச் சொல்லிக் கேட்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்து வந்திருக்கிறது. அழுதுகொண்டிருக்கும் ஒரு விதவை அந்த நேரத்தில் தலையை அசைப்பது மனமுவந்து விட்டுக்கொடுப்பதாகுமா? ஷுரைஹ் (ரஹ்) அவர்கள் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாம் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தலாக் விடப்பட்ட ஒரு பெண், ஒரே மாதத்தில் தனக்கு மூன்று மாதவிடாய் வந்து இத்தா முடிந்துவிட்டதாகச் சொன்ன வழக்கு அலீ (ரலி) அவர்களிடம் வந்தது. அதைத் தீர்க்கும்படி ஷுரைஹ் (ரஹ்) அவர்களிடம் சொன்னார்கள். அவளை நன்கறிந்த அவள் குடும்பத்தாரில், மார்க்கப் பற்றும் நாணயமும் உள்ளவர்கள் சாட்சி சொன்னால் ஏற்கலாம், இல்லையேல் ஏற்க முடியாது என்றார்கள் காஜி. அலீ (ரலி) அவர்கள், சிறப்பு என்ற பொருள்படும் ஒரு ரோமானியச் சொல்லால் அவர்களைப் பாராட்டினார்கள். வீட்டுக்குள் நடந்ததை அறிய வீட்டாரில் நல்லவர்களைத்தான் கேட்க வேண்டும் என்ற நுட்பம் இதில் இருக்கிறது.

கண்ணீரும் சாட்சிகளும்

காஜியின் மாணவரும் பெரும் மேதையுமான இமாம் ஷஅபீ (ரஹ்) அவர்கள் ஒரு நாள் சபையில் இருந்தார்கள். ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதபடி வழக்குச் சொல்ல வந்தாள். பாவம், அநியாயத்துக்கு ஆளானவளாகத் தெரிகிறது என்றார்கள் ஷஅபீ. நபி யூஸுப் (அலை) அவர்களின் சகோதரர்களும் மாலையில் தந்தையிடம் அழுதுகொண்டுதானே வந்தார்கள் என்று நினைவூட்டினார்கள் ஷுரைஹ் (ரஹ்). அழுகிறவர் எல்லாம் பொய்யர் என்பதல்ல இதன் பொருள். கண்ணீர் இரக்கத்துக்குக் காரணமாகலாமே தவிர, தீர்ப்புக்குச் சாட்சியாகாது.

சாட்சிகளை அவர்கள் விசாரித்த முறையும் தனித்தன்மை உடையது. சாட்சி சொல்ல வந்த இருவரிடம், இந்த மனிதருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வது உண்மையில் நீங்கள்தான், உங்களை நம்பித்தான் நான் என்னைக் காத்துக்கொள்கிறேன், ஆகவே அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் எச்சரிப்பார்கள். பின்னர் சாட்சிகளின் நாணயத்தைப் பற்றி அண்டை வீட்டாரிடமும் கடைக்காரர்களிடமும் இரகசியமாக விசாரிக்கும் முறையை முதலில் தொடங்கியவர்களும் அவர்கள்தாம் என்று கூறப்படுகிறது. இது புதிய வழக்கமாயிற்றே என்று சிலர் குறை சொன்னபோது, மக்கள் புதிய தந்திரங்களைக் கண்டுபிடித்ததால் நானும் புதிய முறையைக் கண்டேன் என்று விடை தந்தார்கள்.

இவ்வளவு விசாரித்தும், தவறு நடக்கக் கூடும் என்பதை அவர்கள் மறக்கவில்லை. யாருக்காவது சாதகமாகத் தீர்ப்புச் சொல்லும்போது, நீர் அநியாயக்காரர் என்று என் மனம் ஐயப்பட்டாலும் ஐயத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, என் முன் வந்த சாட்சியத்தை வைத்துத்தான் சொல்ல முடியும், ஆனால் அல்லாஹ் உமக்கு ஹராமாக்கியதை என் தீர்ப்பு ஒருபோதும் ஹலாலாக்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். தொடக்கத்தில் நாம் கண்ட ஹதீஸின் கருத்து கூபாவின் நீதிமன்றத்தில் இப்படித்தான் ஒலித்தது.

கலீபாவும் மகனும்

ஹிஜ்ரி 36 இல் அலீ (ரலி) அவர்கள் கூபாவைத் தம் தலைநகராக்கிக் கொண்டார்கள். அவர்களின் கவசம் ஒன்று காணாமற்போய், முஸ்லிம் அல்லாத ஒருவரின் கையில் இருந்தது என்றும், கலீபாவே வழக்காளியாகக் காஜியின் முன் வந்தார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எதிராளி யூதர் என்று சில நூல்களும் கிறிஸ்தவர் என்று சில நூல்களும் சொல்கின்றன. தந்தைக்கு மகனின் சாட்சி செல்லாது என்று கூறி, ஹஸன் (ரலி) அவர்களின் சாட்சியை ஏற்காமல் எதிராளிக்கே சாதகமாகத் தீர்த்தார்கள் காஜி. அந்த நீதியைக் கண்டு அவர் உண்மையை ஒப்புக்கொண்டு இஸ்லாத்தில் இணைந்தார் என்பது நமக்கு நன்கு தெரிந்த செய்தி. இதன் அறிவிப்புத் தொடர் பலமானதல்ல என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். என்றாலும் ஷுரைஹ் (ரஹ்) அவர்களின் நீதியை மக்கள் எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கு இது சான்று.

கலீபாவிடம் கண்டிப்பாக இருப்பதைக் காட்டிலும் கடினம், சொந்தப் பிள்ளையிடம் கண்டிப்பாக இருப்பது. அவர்களின் மகனுக்கும் வேறு சிலருக்கும் ஒரு தகராறு ஏற்பட்டது. மகன் முதலில் தந்தையிடம் தனியாக விஷயத்தைச் சொல்லி, எனக்கு ஹக்கு இருந்தால் வழக்குத் தொடுக்கிறேன், இல்லாவிட்டால் சமரசம் செய்துகொள்கிறேன் என்று யோசனை கேட்டார். தந்தை கேட்டுவிட்டு, வழக்குத் தொடு என்றார்கள். வழக்கு வந்தது. தீர்ப்பு மகனுக்கு எதிராக அமைந்தது. வீட்டுக்கு வந்த மகன் மனம் நொந்து, முன்பே சொல்லியிருக்கலாமே, என்னை இப்படி அவமானப்படுத்திவிட்டீர்களே என்றார். தந்தை சொன்ன காரணத்தை நாம் அனைவரும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நீ எனக்கு எவ்வளவோ பிரியமானவன், ஆனால் அல்லாஹ் உன்னைவிட எனக்கு மேலானவன். ஹக்கு அவர்களுக்குத்தான் என்று நான் சொல்லியிருந்தால், அதை மறைத்து அவர்களிடம் சமரசம் பேசி, அவர்களுடைய ஹக்கில் ஒரு பகுதியை நீ எடுத்துக்கொண்டிருப்பாய் என்பதே அவர்கள் சொன்னதன் கருத்து.

மற்றொரு முறை அதே வீட்டில் நடந்தது இது. மகன் ஒருவருக்கு ஜாமீன் நின்றார். ஜாமீன் பெற்றவர் ஓடிவிட்டார். காஜி தம் மகனையே சிறையில் அடைத்தார்கள். ஆனால் வேளை தவறாமல் தம் கையாலேயே சாப்பாட்டை எடுத்துச் சென்று சிறையில் மகனுக்குக் கொடுத்தார்கள். நீதி தந்தைப் பாசத்தை அழித்துவிடவில்லை, பாசம் நீதியை வளைத்துவிடவும் இல்லை.

அவர்களின் சொந்த வீடு

ஊரார் வீட்டு வழக்கைத் தீர்த்தவரின் சொந்த வீடு எப்படி இருந்தது? தமீம் கோத்திரத்தைச் சேர்ந்த ஜைனப் என்ற பெண்மணியை அவர்கள் மணந்தார்கள். முதல் இரவில் இருவரும் இரண்டு ரக்அத் தொழுது துஆச் செய்த பிறகு, அந்த அம்மையார் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு, நான் உங்களுக்குப் புதியவள், உங்கள் குணம் எனக்குத் தெரியாது, உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டார்கள். தம் வீட்டார் எப்போது வரலாம், அண்டை வீட்டாரில் யாரை வீட்டுக்குள் விடலாம் என்பது வரை விளக்கமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இருபது ஆண்டுகள் இணைந்து வாழ்ந்ததில் ஒரே ஒரு தடவைதான் மனத்தாங்கல் வந்தது என்றும், அதிலும் தவறு தம்முடையதே என்றும் ஷுரைஹ் (ரஹ்) அவர்கள் இமாம் ஷஅபீயிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் மனம் திறந்து பேசிக்கொண்டால் பின்னால் வழக்குக்கு இடமில்லை என்பதற்கு அந்த வீடே சாட்சி.

அவர்கள் வீட்டுக் கூரையின் நீர்த்தாரைகள் எல்லாம் தெருவில் விழாமல் தம் வீட்டு முற்றத்துக்குள்ளேயே விழும்படி அமைக்கப்பட்டிருந்தன. வீட்டில் வளர்ந்த பூனை இறந்தால் கூட, வழிப்போக்கர்களுக்குத் தொல்லையாகும் என்று தெருவில் போடாமல் வீட்டுக்குள்ளேயே புதைக்கச் செய்தார்கள். கூரைத் தண்ணீருக்காகவும் சாக்கடைக்காகவும் அண்ணன் தம்பிகள் கோர்ட் படி ஏறுவதைக் காணும் நமக்கு இந்தச் செய்தி சிறியதாகத் தோன்றலாமா?

இறுதிக் காலம்

உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ஏற்ற பொறுப்பை உதுமான் (ரலி), அலீ (ரலி), முஆவியா (ரலி) ஆகியோரின் ஆட்சியிலும் தொடர்ந்து வகித்தார்கள். நடுவில் சிறிது காலம் பஸராவிலும் தீர்ப்பளித்தார்கள். இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் காலத்தில் முஸ்லிம்களிடையே குழப்பம் மூண்டபோது தீர்ப்பளிப்பதிலிருந்து விலகி நின்றார்கள். பின்னர் ஹஜ்ஜாஜ் இராக்கின் ஆளுநராக வந்த பிறகு, முதுமையின் காரணமாகத் தம்மை விடுவிக்குமாறு கேட்டுக்கொண்டு பதவியைத் துறந்தார்கள். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நீதிபதியாக இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஹிஜ்ரி 78க்கும் 80க்கும் இடைப்பட்ட காலத்தில் (கி.பி. 700ஐ ஒட்டி) நூறு வயதைக் கடந்த நிலையில் இறையடி சேர்ந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நாம் பெற வேண்டிய படிப்பினை

சமரசம் செய்துகொள்வது நல்லது என்பதை நாம் அனைவரும் அறிவோம். கணவன் மனைவிக்குள் பிளவு ஏற்படுமென அஞ்சினால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்பும்படி குர்ஆன் வழிகாட்டுகிறது. ஆனால் ஹராமை ஹலாலாக்கும் சமரசமும், ஹலாலை ஹராமாக்கும் சமரசமும் செல்லாது என்று நபி (ஸல்) அவர்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். ஷுரைஹ் (ரஹ்) அவர்கள் தம் மகனைச் சமரசத்துக்கு விடாமல் தடுத்தது இந்த எல்லையைக் காக்கத்தான்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தகப்பன் மவுத்தான பிறகு அண்ணன் தம்பிகள் கடையைப் பங்கிடுகிறார்கள். சகோதரிக்கு ஷரீஅத்தில் பங்கு உண்டு என்பது அண்ணனுக்குத் தெரியும், சகோதரிக்குக் கணக்குத் தெரியாது. குடும்ப ஒற்றுமைக்காக விட்டுக்கொடு என்று சொல்லி, ஏதோ ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். ஊரும் சமாதானம் ஆயிற்று என்று மகிழ்கிறது. ஒரு தரப்புக்குத் தன் ஹக்கு எவ்வளவு என்று தெரியாத நிலையில் செய்யப்படும் இத்தகைய சமரசத்தைத்தான் காஜி அவர்கள் தம் மகனுக்கு மறுத்தார்கள். முதலில் ஹக்கு இவ்வளவு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகு அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவள் விருப்பம். ஜமாஅத்தில் நடுவராக அமர்கிறவர்கள் இந்த வரிசையை மாற்றிவிடக் கூடாது.

அது போலவே, பங்காளியாகத் தொழில் தொடங்குகிறவர்கள் முதல் யாருடையது எவ்வளவு, இலாபம் எப்படி, பிரிந்தால் கணக்கு எப்படி என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிச் சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும். கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனம் எவ்வளவு விரிவாகக் கட்டளையிடுகிறது! சொந்தக்காரனிடம் எழுத்து எதற்கு என்று கூச்சப்படுகிறவர்கள், பின்னால் சொந்தத்தையும் இழந்து சொத்தையும் இழக்கிறார்கள். நிக்காஹ் பேசும்போதும் மஹர், குடியிருப்பு ஆகியவற்றைத் தெளிவாகப் பேசிக்கொள்வது பிற்காலத்துச் சண்டையைத் தவிர்க்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்த அன்று இரவு தனிமையில் அமர்ந்து, இது உண்மையிலேயே என் ஹக்குத்தானா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்று உள்ளம் சொன்னால், மறுநாளே உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். இந்த உலகத்தின் நீதிபதிக்குச் சாட்சி வேண்டும், பத்திரம் வேண்டும். மறுமையில் தீர்ப்பளிக்க இருப்பவனோ உள்ளங்களில் மறைந்திருப்பதை எல்லாம் அறிந்தவன். அங்கே வக்கீலும் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

பிறர் ஹக்கில் கை வைக்காத நாணயத்தையும், நமக்கு எதிராக வரும் நீதியையும் மனமுவந்து ஏற்கும் பக்குவத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! காஜி ஷுரைஹ் (ரஹ்) அவர்களின் அந்தஸ்தை உயர்த்துவானாக! ஆமீன்.